பழைய மகிழுந்து ஒலிப்பெட்டியில் ஒரு புதிய ஒலிவாயில்

முன்னுரை

கருவிகள் இருவகையாக முதுமை எய்துகின்றன. உறுப்புகள் தேய்ந்து செயலிழத்தல் ஒருவகை. உறுப்புகள் யாவும் நன்னிலையில் இருப்பினும், பின்வந்த புதுக்கருவிகளோடு இணைந்து இயங்க வழியின்றி ஒதுக்கப்படுதல் மற்றொரு வகை. மகிழுந்துகளில் அமைந்துள்ள பழைய ‘கேசட் ஸ்டீரியோ’க்கள் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தனவாகும். கைப்பேசியில் உள்ள ஒலியை அப்பெட்டியின் வழியே கேட்க இயலவில்லை என்ற ஒரே காரணத்தால், நன்கு பாடும் பெட்டிகளும் கழற்றி எறியப்படுகின்றன. அவ்வாறு எறியாமல் அவற்றுக்கு ஒரு துணை ஒலிவாயில் அமைத்துக்கொள்ளும் முறைகளை விளக்குவதும், அவற்றுள் தக்கது எது என ஆராய்வதும், அதனால் நம் இல்லங்களுக்கு விளையும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிப்பேழை வந்த வரலாறு

மகிழுந்தில் வானொலி அமைக்கும் முயற்சி 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வணிக வெற்றி கண்டது. கால்வின் உடன்பிறப்புகள் அவ்வாண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த ஊர்தி வானொலியின் பெயரே ‘மோட்டோரோலா’ என்பதாகும். பின்னர், 1963ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் நடைபெற்ற வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிப்பேழையை அறிமுகப்படுத்தியது. அதனுள் சுழலும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர்; அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் விரைவில் ஓடுவது. 1968ஆம் ஆண்டில் ஒலிப்பேழை மகிழுந்துக்குள்ளும் நுழைந்தது.

நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய அம்பாசிடர், பிரிமியர் பத்மினி, 1983ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி 800 ஆகிய வண்டிகளில் இத்தகைய பெட்டிகள் விரும்பிப் பொருத்தப்பட்டன. அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டில் நின்றுபோயினும், அவ்வண்டிகளைப் பேணி வருவோர் இன்றும் உளர்.

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் ஒலிப்பேழை பெற்ற இடம் தனித்துக் கூறத்தக்கது. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிஃபா (1925–2015) அவர்களின் பாடல்கள் பேழைகளின் வழியே ஊர்தோறும் பரவின. ஆலிம் பெருமக்களின் பயான்களும் மீலாத் மேடைப் பேச்சுகளும் பேழையில் பதியப்பெற்றுக் கைமாறின. இவை அனைத்தினும் நெருக்கமானது குரல் மடல். பிழைப்பின் பொருட்டு வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர், எழுதுவதற்கு மாற்றாகத் தம் குரலையே பேழையில் பதிந்து இல்லத்துக்கு அனுப்பினர். இல்லத்தார் மறுபக்கத்தில் தம் குரலைப் பதிந்து திருப்பி அனுப்பினர். எழுத்தறியாத தாயும் இவ்வழியே மகனோடு உரையாடினாள். இப்பேழைகள் பல இல்லங்களில் இன்றும் பெட்டியடியில் கிடக்கின்றன. அவற்றைப் பாடவைக்கும் கருவிதான் அருகிவிட்டது. சில குடும்பங்களில் பழுதின்றி எஞ்சியிருக்கும் ஒரே பேழைக்கருவி, பழைய வண்டியில் உள்ள ஸ்டீரியோவே என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

துணை ஒலிவாயில் என்பது யாது?

பட்டறை வழக்கில் ‘ஆக்ஸ்’ எனப்படுவது, துணை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகும். வானொலி, பேழை ஆகிய தன் சொந்த ஊற்றுகளேயன்றி, வெளியேயுள்ள வேறொரு கருவியின் ஒலியையும் ஏற்றுக்கொள்ளுமாறு பெட்டியில் அமைந்த துளையே துணை ஒலிவாயில். இதற்கு 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள செருகி பயன்படுகிறது. செருகியின் நுனி இடப்பக்க ஒலியையும், அடுத்த வளையம் வலப்பக்க ஒலியையும், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான ‘எர்த்’ இணைப்பையும் தாங்கும். 2016ஆம் ஆண்டில் ஐபோன் 7 இத்துளையைக் கைவிட்டது. பிற கைப்பேசிகள் பலவும் அவ்வழியே சென்றன. எனினும் ‘டைப்-சி’ முனையிலிருந்து இச்செருகிக்கு மாற்றித் தரும் சிறு இணைப்பிகளும், ‘புளூடூத்’ அலையைப் பெற்று இச்செருகி வழியே ஒலியாகத் தரும் சிறு கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆதலின் துணை ஒலிவாயில் ஒன்றை அமைத்துவிட்டால், இனி வரும் கருவிகளையும் அதனோடு இணைத்தல் எளிது.

பெட்டியினுள் ஒலி செல்லும் வழி

எங்கே இணைப்பது என்பதை அறிய, ஒலி செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். நாடாவில் உறைந்துள்ள காந்தப் பதிவு, ‘ஹெட்’ எனப்படும் ஒலித்தலையைத் தொட்டுச் செல்லும்போது அதில் மின்னலை எழுகிறது. அதன் அளவு ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. இதனை முன்பெருக்கி பல நூறு மடங்கு பெருக்குகிறது. அதனோடு, நாடாப் பதிவின் இயல்புக்கேற்பத் தாழ்ந்த சுருதிகளை மிகுதியாக உயர்த்தி ஒலியைச் சமன் செய்வதும் அதன் பணியாகும். பின்னர் வானொலியா பேழையா எனத் தேரும் விசை, அதன்பின் ஒலியளவுக் கட்டுப்பாடு, அதன்பின் ஆற்றல் பெருக்கி, இறுதியில் ஒலிபெருக்கிக் கூம்பு என இவ்வழி அமைந்துள்ளது.

இதனை ஒரு வாய்க்காலுக்கு ஒப்பிடலாம். பிற நிலத்து நீரை ஒரு வாய்க்காலிற் கலக்க விரும்புவோர், இரு நீர்மட்டமும் ஒத்த இடத்திலேயே மடை அமைப்பர். மட்டம் ஒவ்வாத இடத்தில் மடை திறந்தால் கரை உடையும். கைப்பேசியின் ஒலிமுனை அரை வோல்ட், ஒரு வோல்ட் வரை தரவல்லது. அதனை ஒலித்தலையின் கம்பியோடு நேரே இணைப்பின், பல நூறு மடங்கு பெருகி ஒலி சிதறும்; தாழ் சுருதிகள் மிகுந்து குழறும். ஆற்றல் பெருக்கிக்குப் பின்னுள்ள ஒலிபெருக்கிக் கம்பியோடு இணைப்பின், அங்குள்ள மின்னழுத்தம் கைப்பேசியையே பழுதாக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே, தேர்விசைக்கும் ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்கும் நடுவிலுள்ள இடமே மட்டம் ஒத்த இடமாகும். பழைய பெட்டி புதிய ஒலியை ஏற்பதில் உள்ள நுட்பம் முழுவதும் இவ்விடத்தைத் தேர்வதில் அடங்கியுள்ளது.

நான்கு வழிகள்

முதல் வழி, பேழை வடிவ இணைப்பி. ஒலிப்பேழையின் உருவிலேயே அமைந்த இதனுள் நாடா இராது. நாடா இருக்கவேண்டிய இடத்தில் சிறு காந்தத்தலை ஒன்று இருக்கும். கைப்பேசியின் ஒலி அத்தலையில் காந்த அலையாகி, எதிரேயுள்ள ஒலித்தலையில் மீண்டும் மின்னலையாக எழும். பெட்டியைக் கழற்ற வேண்டுவதில்லை. எக்கம்பியையும் வெட்ட வேண்டுவதில்லை. ஒலித்தலைக்கு உரிய சிற்றளவிலேயே அலை சென்று சேர்வதால் மட்டமும் ஒத்துப்போகிறது. ஆயினும் உட்சக்கரம் சரிவரச் சுழலாவிடில், நாடா முடிந்துவிட்டதெனக் கருதித் தானே பக்கம் மாறும் பெட்டிகள் இடையறாது மாறிக்கொண்டிருக்கும். சக்கர ஒலியும் மெல்லக் கேட்கும்.

இரண்டாம் வழி, பண்பலைச் சிற்றொலிபரப்பி. கைப்பேசியின் ஒலியை இது பண்பலையாக்கி வண்டிக்குள் பரப்ப, பெட்டியின் வானொலி அதனைப் பெறுகிறது. நம் நாட்டுப் பண்பலை 108 மெகாஹெர்ட்ஸ் வரை அமைந்தது. பெருநகரங்களில் நிலையங்கள் நெருங்கியிருத்தலால் வெற்றிடம் கிடைப்பது அரிது. வண்டி நகர நகர வேற்று நிலையம் குறுக்கிடும். மத்திய அலை மட்டுமே பெறும் மிகப் பழைய பெட்டிகளுக்கு இது பயன்படாது.

மூன்றாம் வழி, பின்புறப் பொருத்துவாய். 1990களில் வெளிவந்த உயர்வகைப் பெட்டிகள் பலவற்றில், குறுந்தகடு மாற்றியை இணைப்பதற்கெனப் பின்புறத்தில் ஒரு வாய் உண்டு. அங்கு வரும் ஒலி பெட்டிக்கு ஏற்ற மட்டத்திலேயே இருக்கும். ஆனால் தகடுமாற்றி இணைந்துள்ளது என்னும் குறியீட்டைப் பெற்றாலன்றிப் பெட்டி அவ்வாயைத் திறவாது. சோனி, பயனியர், அல்பைன் எனும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறையை வகுத்திருந்தன. ஆகவே நிறுவனப் பெயரும் மாதிரி எண்ணும் பார்த்து, அதற்கெனச் செய்யப்பட்ட இணைப்பியையே வாங்குதல் வேண்டும்.

நான்காம் வழி, பெட்டியைத் திறந்து உள்ளேயே ஒலிவாயில் அமைத்தல். முன்கூறிய மூன்றும் இயலாதபோதும், நல்ல ஒலி வேண்டும்போதும் இது மேற்கொள்ளத்தக்கது. பற்றாசு வைத்துப் பழகிய கை இதற்கு இன்றியமையாதது.

உட்புற இணைப்பின் முறை

குமிழைத் திருகி ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகளே இம்முறைக்கு ஏற்றவை. திருகு குமிழின் அடியில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு முனைகள் இருக்கும். ஒவ்வொரு மூன்றிலும் ஓர் ஓரமுனை எர்த்தோடு இணைந்திருக்கும். நடுமுனை ஒலியை ஆற்றல் பெருக்கியின் பக்கம் கொண்டுசெல்லும். எஞ்சிய ஓரமுனையே ஒலி வந்து சேரும் இடம். அவ்விடத்தில் வரும் தொடர்பை இரு பக்கத்துக்கும் துண்டித்து, இடையே விசையுடன் கூடிய செருகுவாய் ஒன்றை அமைத்தல் வேண்டும். இவ்வகைச் செருகுவாயில், செருகி இல்லாதபோது உள்தொடுப்புகள் மூடியிருக்கும்; வானொலியும் பேழையும் முன்போலவே ஒலிக்கும். செருகியை நுழைத்தவுடன் அத்தொடுப்புகள் விலகிப் பழைய ஒலி நின்று, கைப்பேசியின் ஒலி உட்செல்லும். இவ்வமைப்பினால் பேழைக்கு ஊறு இல்லை என்பதே இதன் சிறப்பு. பேழைப் பகுதியை அறுத்தெறிந்துவிட்டு அவ்விடத்தில் கம்பி கோப்பாரும் உளர். அது மேலே சொன்ன குரல் மடல்களின் வாயை அடைப்பதாகும்.

வாயிலுக்கும் குமிழுக்கும் இடையே பக்கத்துக்கு ஒன்றாக, துருவ வேறுபாடற்ற 4.7 அல்லது 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைச் சேர்த்தல் நன்று. பெட்டியினுள் நிற்கும் நேர்மின்னோட்டம் கைப்பேசிக்குச் செல்லாமல் அது தடுக்கும். ஒலியலையை மட்டும் விடும். கம்பி, மேலே வலைப்பின்னல் போர்த்திய வகையினதாக இருத்தல் வேண்டும். ஒற்றை ஒலிவழியே உடைய பழம்பெட்டியாயின், இட வலக் கம்பிகளை நேரே முறுக்கிவிடலாகாது. ஒவ்வொன்றிலும் ஓராயிரம் ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தபின்னரே இணைத்தல் வேண்டும். இப்பொருள்கள் யாவும் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் கிடைக்கும்.

பொத்தானால் ஒலியளவை மாற்றும் பெட்டிகளில் அப்பணியை மின்னணுச் சில்லு ஒன்று செய்கிறது. அதன் கால்களுள் எது எதற்குரியது என்பது பெட்டியின் மின்சுற்று வரைபடம் இன்றித் துணிய இயலாது. அத்தகைய பெட்டிகளுக்கு முதல் வழியோ மூன்றாம் வழியோ போதுமானது.

இரைச்சலும் காப்பும்

இணைப்பு முடிந்தபின், இயந்திரத்தின் விரைவு கூடக்கூட உயர்ந்து ஒலிக்கும் ஒரு சீழ்க்கை கேட்பதுண்டு. கைப்பேசியை வண்டியின் மின்முனையில் ஏற்றிக்கொண்டே ஒலிவாயிலிலும் செருகும்போது இது பெரிதும் தோன்றும். எர்த் இணைப்பு இரு வழிகளில் அமைந்து வளையமாகிவிடுவதே காரணம். வண்டியின் மின்னாக்கி எழுப்பும் அலை அவ்வளையத்தின் வழியே ஒலியிற் கலக்கிறது. மின்னேற்றுவதை நிறுத்திப் பார்த்தால் காரணம் தெளிவாகும். சிறு மின்மாற்றிகளைக் கொண்ட ‘கிரவுண்ட் லூப்’ தடுப்பியை இடையே சேர்த்தால் இரைச்சல் அடங்கும். செருகுவாயின் உலோக உடல் வண்டியின் இரும்புப் பலகையைத் தொடாதிருத்தலும் வேண்டும்.

பெட்டியைக் கழற்றும் முன் மின்கலத்தின் எதிர்மின் முனையை முதலிற் பிரித்தல் வேண்டும். களவுக்காப்பு உடைய பெட்டிகள், மின் துண்டிக்கப்பட்டு மீண்டும் பெற்றவுடன் மறைவெண்ணைக் கேட்கும். அதனை முன்னரே குறித்து வைத்தல் நலம். ஒலிபெருக்கிக் கம்பிகளுள் எதனையும் எர்த்தோடு தொடுக்கலாகாது. பெரும்பாலான பெட்டிகளில் அவ்விரு கம்பிகளும் மின்னழுத்தம் உடையவை. தொடுத்தால் ஆற்றல் பெருக்கி கெடும். உருகி எரிந்தால், அதே அளவினதையே மாற்றுதல் வேண்டும். கூடிய அளவினதை இட்டால், அடுத்து எரிவது உருகியாக இராது, கம்பியாக இருக்கும்.

வண்டியை ஓட்டுவோர் செல்லும்போதே கைப்பேசியைக் கையிலெடுத்துப் பாடலைத் தேடுதல் கூடாது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஓட்டும்போது கைக்கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் அடக்கியுள்ளது. உயிர் இறைவன் தந்த அமானிதம் என்று அறிந்தார்க்குச் சட்டம் சொல்லியா இது தெரிதல் வேண்டும்?

மறுவழிப் பயன்

ஒலி உட்செல்ல ஏற்ற அதே இடம், ஒலியை வெளியே கொணரவும் ஏற்றதாகும். செருகுவாயின் தொடுப்புக்கு முன்னுள்ள பக்கத்தில், அதாவது பேழையின் ஒலி வந்து சேரும் பக்கத்தில், பக்கத்துக்கு ஒரு மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்து மற்றொரு கம்பியை வெளியே கொணர்ந்தால், பேழையில் உள்ள குரலைக் கணினியிற் பதிந்துகொள்ளலாம். முன்பெருக்கி நாடாவின் ஒலியை அங்கு ஏற்கெனவே சமன் செய்து தந்துவிடுகிறது. கைப்பேசியின் ஒலிவாங்கி முனை இம்மட்டத்துக்கு ஏற்றதன்று. வெளிக்கருவியின் ஒலியை ஏற்கும் முனையுடைய கணினியோ பதிவுக்கருவியோ வேண்டும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, மின்கலத்தின் ஆற்றலில் மட்டும் பெட்டியை இயக்குதல் வேண்டும். ஒலித்தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சினால் முன்னரே துடைத்துக்கொள்ளுதல் நன்று. மதிப்புமிக்க பேழைக்கு முன் மதிப்பற்ற ஒன்றை ஓட்டி, பெட்டி நாடாவைத் தின்னாது என்று உறுதி செய்தல் அதனினும் நன்று. 120 நிமிடப் பேழையின் நாடா மிக மெல்லியது. அதனிடம் கூடுதல் கவனம் தேவை. முதன்முறை ஓட்டும்போதே பதிந்துவிடுதல் வேண்டும். பழைய நாடா மறுமுறை ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்னும் அளவில், சுருக்கப்படாத வடிவிற் பதிந்தால், ஒரு மணிநேரப் பேழைக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் வேண்டும். இது இன்றைய சேமிப்புக் கருவிகளுக்குச் சிறிது. பதிந்தபின் பேழையை வண்டியிலேயே விட்டுவிடலாகாது. வெயிலில் வெந்த வண்டியினுள் பேழையின் உடல் வளையும்.

விற்பனைக்கு வந்த பாடற்பேழைகளுக்குப் படிகள் பல உண்டு. ஒன்று அழியினும் மற்றொன்று எஞ்சும். குரல் மடலுக்கு உள்ளது ஒரே படி. ஏட்டிலிருந்த உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842ஆம் ஆண்டில் அச்சேறியது. ஏட்டைப் படிக்க வல்லார் இருந்த காலத்திலேயே அது பதிப்பிக்கப்பட்டதால் நமக்கு வாய்த்தது. பேழையைப் பாடவைக்கும் கருவி உள்ள காலத்திலேயே குரல்களையும் படியெடுத்தல் நம் கடமையன்றோ? ஓர் ஊரின் பேச்சுவழக்கு, உறவுச் சொற்கள், பெண்டிர் பாடிய தாலாட்டு ஆகியன எழுத்தில் ஏறாது அக்குரல்களில் மட்டுமே தங்கியிருத்தல் கூடும். தமிழ் பயிலும் மாணவர்க்கு அவை ஆய்வுப் பொருளுமாகும். குடும்பத்தாரின் இசைவு பெற்றே அவற்றைக் கேட்டலும் பகிர்தலும் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மடல் எக்காலத்தும் மடலே.

முடிவுரை

காலத்தின் வகையால் பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் வழுவாகாது என்பது நன்னூலார் கொள்கை. எனினும், புதியது சேர்வதற்குப் பழையது நீங்கியே தீர வேண்டும் என்பதில்லை. நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுத முற்பட்டபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென இருக்கும் எழுத்துகளிலேயே சிறு குறிகளைச் சேர்த்து அரபுத்தமிழை ஆக்கிக்கொண்டனர். பழைய எழுத்தும் சிதையவில்லை. புதிய ஒலியும் தடைப்படவில்லை.

பழைய ஸ்டீரியோவில் அமைக்கும் துணை ஒலிவாயிலும் அத்தகையதே. கம்பியைத் தொடவிரும்பாதார்க்குப் பேழை வடிவ இணைப்பி; பின்புற வாய் உடையார்க்கு அதற்குரிய இணைப்பி; கைத்திறன் உடையார்க்கு விசையுடன் கூடிய செருகுவாய். இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் பேழை பாடும் வழியை அடைக்காதிருத்தலே தலையாய விதி. இவ்விடுமுறையில் மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லத்தில் உள்ள பேழைகளைத் தேடி எடுத்து, மேலே எழுதியுள்ள பெயரையும் ஆண்டையும் படித்து, பெரியவர்களை அருகிலிருத்திக் கேட்கத் தொடங்குவார்களாக. அம்முயற்சிக்கு வல்ல இறைவன் துணைநிற்பானாக!